தையலுக்கு விட்ட இரண்டு விரல்

தெருவில் மரம் நடுவதற்குக் கூட்டம் போட்டால் அதில் மரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். பூங்காத் துறையிலிருந்து வந்த இளம் அதிகாரி, பாவம், வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு குப்பை வண்டி ஏன் ஒழுங்காக வருவதில்லை என்பதற்கு முக்கால் மணி நேரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் குப்பை வண்டிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அரசாங்கத்து ஆள் ஒருத்தி கையில் கிடைத்தால் தெரு சும்மா விடுமா?

ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார்கள். மொத்தம் பதினைந்து மரம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்த்த கன்றுகள், இரண்டே வருடத்தில் நிழல் விழும். யார் வாசலில் வருகிறதோ அவர்கள் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் போதும்.

பேச்சு முடிவதற்குள் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டவள் தையலக்கா. ஐம்பது வயதுக்காரி. தெருவில் அவளுக்கு அதுதான் பெயர்; அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய கடை வரிசையில் கடைசிக்கு முந்தையது, பத்தடி அகலம், மேற்குப் பார்த்த வாசல். இரண்டு மணிக்கு வெயில் உள்ளே வரும், ஐந்து மணி வரை எழுந்து போகாது. கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைக்குப் போட்டு வைத்த கருநீலக் கோட்டு மூன்றே மாதத்தில் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் சாம்பலாகவும் ஆகிவிட்டது. தடித்த திரை போட்டால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். திரையை விலக்கினால் கண் கூசி ஊசியில் நூல் கோக்க முடியாது. அதனால் அந்த மூன்று மணி நேரமும் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். வாடிக்கைக்காரிகள் வருவதோ சரியாக அந்த மூன்று மணி நேரத்தில்தான்.

அவளுடைய தங்கை ஒரு பெரிய வணிக வளாகத்தின் அடித்தளத்தில் துணிக்கடை வைத்திருக்கிறாள். அங்கே ஒரு மூலையில் மெஷின் போட்டுக்கொள்ளச் சொல்லி இரண்டு வருடமாக நச்சரிக்கிறாள். வெயில் கிடையாது, மழை கிடையாது, காலையா மாலையா என்றே தெரியாது. "அங்க உக்காந்தா நான் பொட்டிக்குள்ள வெச்ச நூல்கண்டு மாதிரி ஆயிடுவேன்டி" என்று தையலக்கா தட்டிக் கழித்து வந்தாள். போன மாதம் தங்கை கறாராகக் கேட்டுவிட்டாள். அக்காவும் வாக்குக் கொடுத்துவிட்டாள்: வாசலில் மரம் வந்தால் இங்கேயே இருப்பது, வராவிட்டால் அடுத்த மாதம் முதல் தேதி மெஷினைத் தூக்கிக்கொண்டு அடித்தளத்துக்குப் போவது. அந்தக் கையெழுத்தில் அவ்வளவு விஷயம் இருந்தது.

பக்கத்துக் கடை, வரிசையில் கடைசிக் கடை, சலூன். சலூன்காரருக்கும் தையலக்காவுக்கும் பதினோரு வருடமாக எல்லைப் பிரச்சினை. அவருடைய பெஞ்சு இவள் பக்கம் அரை அடி வருகிறது என்பது இவள் வழக்கு. இவளுடைய பொம்மை அவருடைய கண்ணாடியில் தெரிந்து வாடிக்கையாளர்களைப் பயமுறுத்துகிறது என்பது அவர் வழக்கு. கூட்டத்தில் தையலக்கா கையெழுத்துப் போட்ட கையோடு அவர் எழுந்து நின்றார்.

"என் கடை வாசல்ல ஒரு இலைகூட வேணாம். போர்டு மறைஞ்சிடும். எழுதியே குடுத்துடறேன்."

எழுதியும் கொடுத்தார். தேதி போட்டு, கீழே கோடு இழுத்து.

"அப்போ கடைசி மரம் அக்கா கடை வாசலோட நிக்குது" என்றாள் அதிகாரி. "முனையில இருக்கற விளக்குக் கம்பத்துக்கிட்ட முதல் மரம். அங்கேருந்து சரியா இருபது அடிக்கு ஒண்ணு. குழி வெட்டற மெஷின் புதன்கிழமை வரும். அதுக்குள்ள யாராவது அளந்து குறி போட்டு வெச்சிடுங்க. குறி இருக்கற இடத்துல வெட்டிட்டுப் போயிடுவாங்க. திரும்ப அந்த மெஷின் அடுத்த வருஷம்தான் இந்தப் பக்கம் வரும், பாத்துக்குங்க."

வரிசையின் நடுவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தொண்டையைச் செருமினார். "எங்கிட்ட அம்பதடி இரும்பு டேப் இருக்கு. நான் வேணா..."

"சார், நீங்க உக்காருங்க" என்றாள் தையலக்கா. "இந்தத் தெருவுல அளவு எடுக்கறது யார் வேலை? முப்பது வருஷத்துல ஒரு சட்டை திரும்பி வந்திருக்கா? கண்ணு பொய் சொல்லும் சார், என் டேப் பொய் சொல்லாது."

வாத்தியார் உட்கார்ந்தார். சலூன்காரர் கூரையைப் பார்த்துச் சிரித்தார். இரண்டையும் அவள் கண்டுகொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவில் வண்டி நடமாட்டம் தொடங்குமுன் வேலையை ஆரம்பித்தாள். கழுத்தில் தொங்கும் அளவு டேப், கையில் துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டி. டேப் ஐந்தடி, நான்கு முறை வைத்தால் இருபது. குனிந்து வைப்பாள், கட்டை விரலால் அழுத்துவாள், நகர்வாள், மறுபடி வைப்பாள். வாத்தியார் வீட்டு வாசலில் போட்ட நீல வட்டத்தை அவர் மாடியிலிருந்து பார்த்து, "கொஞ்சம் கேட்டுப் பக்கம் வந்திருக்கே அக்கா" என்றார். "அழகுக்காக சார்" என்று நிமிராமலே பதில் சொன்னாள்.

பதினைந்தாவது வட்டம் போட்டு நிமிர்ந்தபோது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. குறி தன் கடையைத் தாண்டி இரண்டடி சலூன் பக்கம் விழுந்த மாதிரி தெரிந்தது. ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு, கடையைக் கட்டின மேஸ்திரி அந்தக் காலத்திலேயே சுவரைத் தள்ளிக் கட்டித் தொலைத்திருக்கிறான் என்று முடிவு செய்தாள். எப்படியும் கொஞ்சம் இப்படி அப்படித்தானே இருக்கும்? இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவள் அதை அத்தோடு மறந்தும் போனாள். அவளுடைய வாழ்க்கையில் டேப்பும் கண்ணும் மோதிக்கொண்ட வழக்குகளில் தீர்ப்பு எப்போதும் டேப்புக்குத்தான்.

புதன்கிழமை மெஷின் வந்தது. தெருவே அதிர்ந்தது. முனையிலிருந்து ஒவ்வொரு குழியாக வெட்டிக்கொண்டு வருவதைக் காதாலேயே கணக்கு வைத்துக்கொண்டு, தையலக்கா உள்ளே ஒரு அம்மாவுக்குக் கோட்டு பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறையக் குண்டூசி. பதினான்கு. அடுத்தது நமது. சத்தம் தொடங்கியது. ஆனால் சத்தம் வாசலிலிருந்து வரவில்லை, பக்கவாட்டிலிருந்து வந்தது.

குண்டூசிகளோடு அப்படியே வெளியே ஓடினாள். குழி சலூன் வாசலில் இருந்தது. சலூன்காரர் பாதி முகம் சோப்பு நுரையோடு இருந்த ஒரு ஆளை நாற்காலியில் அம்போ என்று விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ம்ம்ம் ம்ம் ம்ம்" என்றாள் தையலக்கா.

"முதல்ல ஊசியைத் துப்புங்க, அப்புறம் திட்டுங்க" என்றார் அவர்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அதிகாரியும் வந்துவிட்டாள். வரைபடத்தைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், கோப்பிலிருந்து சலூன்காரர் கோடு இழுத்துக் கொடுத்த காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். அவளுடைய முகமே தொங்கிவிட்டது.

"இவர் வேணாம்னு எழுதிக் குடுத்திருக்காரே. இப்ப நான் இங்க நட முடியாது. குழியை மூடிட்டு, இந்தக் கன்னை அடுத்த தெருவுக்குத்தான் குடுக்கணும்."

"என் வாசல்ல இன்னொண்ணு வெட்டுங்க" என்றாள் தையலக்கா.

"மெஷின் கிளம்பிடுச்சுக்கா."

உண்மைதான். தெருமுனையில் மெஷினின் முதுகு தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. அடித்தளமும், ட்யூப்லைட்டும், தங்கை காட்டிய மூலையும் தையலக்காவின் கண்முன் வந்து நின்றன.

"சாரே குறியைப் பாத்தாரே, அளவு சரிதான்" என்றாள். "சுவருதான் தப்பா இருக்கு."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சலூன்காரர் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு தரம் உதறினார்.

"இங்க பாருங்க மேடம். நான் ஒண்ணும் மரத்துக்கு எதிரி இல்ல. மரம் இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஒரு கண்டிஷன். பதினோரு வருஷமா இவங்க அளவு அளவுன்னு என் உயிரை எடுத்திருக்காங்க. என் பெஞ்சு அரை அடி, என் வாளி கால் அடின்னு. இப்ப இத்தனை பேரு முன்னாடி, 'என் அளவு தப்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். எழுதிக் குடுத்ததைத் திரும்ப வாங்கிக்கறேன்."

எல்லோரும் தையலக்காவைப் பார்த்தார்கள். மூன்றே வார்த்தை. சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முப்பது வருடமாக அந்த வார்த்தையைச் சொல்லாமலே பிழைத்தவளிடம் கேட்டுப் பாருங்கள்.

"தப்பாயிருந்தாத்தானே சொல்றதுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதிகாரி பெருமூச்சு விட்டாள். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் கன்னுங்க லாரியில வருது. அதுவரைக்கும் நேரம்" என்றாள்.

அன்றைக்குத் தையலக்கா ஷட்டரை இழுக்கவில்லை. வீறாப்பாக வெயிலில் உட்கார்ந்து தைத்தாள். நான்கு முறை நூல் கோக்கத் தவறி, ஐந்தாவது முறை விரலில் குத்திக்கொண்டாள். மூன்றரை மணிக்குக் கணக்கு வாத்தியார் தன் இரும்பு டேப்போடு வந்தார்.

"நான் முழுசா அளந்து பாத்துட்டேன் அக்கா. உங்க கடைசிக் குழி ஏழு அடி தள்ளியிருக்கு. ஏழாவது மரம் மூணு அடி, என் வாசல் எட்டாவது மூணரை அடி. போகப் போகக் கூடிட்டே போகுது. சீரா தப்பு பண்றதுன்னா அதுக்கும் ஒரு காரணம் இருக்கணும். நீங்க எப்படி அளந்தீங்கன்னு கொஞ்சம் காட்டறீங்களா?"

"டேப்பை வெச்சேன், அளந்தேன். இதுல காட்ட என்ன இருக்கு?"

"சும்மா காட்டுங்க."

வேண்டா வெறுப்பாகத் தரையில் டேப்பை வைத்தாள். ஐந்தடி. கட்டை விரலால் நுனியை அழுத்தினாள். மற்ற இரண்டு விரல்களைப் பக்கத்தில் பதித்தாள். அந்த விரல்களுக்கு அப்பாலிருந்து டேப்பை மறுபடி வைத்தாள்.

"நில்லுங்க. அந்த ரெண்டு விரல் எதுக்கு?"

"எந்த ரெண்டு விரல்?"

"இப்ப விட்டீங்களே."

தையலக்கா தன் கையையே பார்த்தாள். அந்தக் கை அவளைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்யவில்லை. முப்பது வருடமாக எதை அளந்தாலும் அளவுக்கு மேல் இரண்டு விரல் விட்டுத்தான் குறி போடும். விடாவிட்டால் துணி போதாது.

"தையலுக்கு விட்டது சார்" என்றாள் மெதுவாக.

வாத்தியார் பையிலிருந்து துண்டுக் காகிதம் எடுத்தார். "ரெண்டு விரல் ஒண்ணரை அங்குலம். இருபது அடிக்கு நாலு தடவை, ஆறு அங்குலம். பதினாலு இடைவெளி. எண்பத்து நாலு அங்குலம், சரியா ஏழு அடி." அவர் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். வகுப்பில் பின்பெஞ்சு மாணவன் சரியான விடை சொன்னால் வருமே, அந்த ஆனந்தம். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். "நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. ஆனா அக்கா, நடைபாதையை எதோட சேத்துத் தைக்கப் போறீங்க?"

தையலக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டையும் அடக்க முடியாமல் மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். வாத்தியார் எது எதுவென்று தெரியாமல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு நகர்ந்தார்.

சாயங்காலம் அவள் கடையைப் பூட்டும்போது சலூன்காரர் வழக்கம்போல வாளித் தண்ணீரை ஊற்றித் தன் வாசலைக் கழுவித் தள்ளிக்கொண்டிருந்தார். வெட்டின முடி ஒன்றுகூட மறுநாளைக்குத் தங்கக் கூடாது அவருக்கு. ஒரு நாளும் தவறாது. குழியின் விளிம்பில் மட்டும் தண்ணீர் படாமல் துடைப்பத்தை ஒதுக்கி ஒதுக்கிப் பிடித்தார். அவள் பார்ப்பதைப் பார்த்ததும் முறைத்தார். இவளும் பதிலுக்கு முறைத்துவிட்டுப் போனாள்.

அன்றிரவு தங்கை போன் செய்து மூலையைக் காலி செய்து வைக்கட்டுமா என்று கேட்டாள். "காலையில சொல்றேன்" என்றாள் அக்கா. படுத்துக்கொண்டு மூன்று வார்த்தையையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். மனதுக்குள்ளேயே மூன்றாவது வார்த்தை வர மறுத்தது.

காலை எட்டு மணிக்கு லாரி வந்தது. கன்றுகளைப் பார்த்ததும் அவளுக்கு ஆசை தாங்கவில்லை. நல்ல உயரம், வேரைச் சுற்றி ஈரச் சாக்கு, உச்சியில் துளிர். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒன்றை இறக்கிக்கொண்டே வந்தார்கள். குழந்தைகள் பின்னாலேயே ஓடின. கடைசிக் கன்று லாரியிலேயே நின்றது. அதிகாரி இவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தையலக்கா நடைபாதை ஓரத்தில் கிடந்த பெஞ்சின் மேல் ஏறினாள். அது சலூன்காரருடைய பெஞ்சு.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "என் அளவு தப்பு. சுவரு மேல தப்பு இல்ல. மேஸ்திரி மேலயும் தப்பு இல்ல, அவன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் தையலுக்கு ரெண்டு விரல் விட்டு அளந்துட்டேன். தெருவைச் சட்டைன்னு நினைச்சுட்டேன். போதுமா?"

தெரு சிரித்தது பாருங்கள், லாரி டிரைவர் ஸ்டீயரிங்கில் சாய்ந்து சிரித்தான், அதிகாரி கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். தையலக்கா காது வரை சிவந்து நின்றாள். ஆனால் அந்தச் சிரிப்பில் ஏளனம் இல்லை என்பது கொஞ்ச நேரத்தில் அவளுக்கே தெரிந்துவிட்டது. முப்பது வருடத்தில் ஒரு தப்புகூடச் செய்யாத ஒருத்தியோடு குடியிருப்பது தெருவுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

சலூன்காரர் சத்தம் போடாமல் அதிகாரியிடமிருந்து தன் காகிதத்தை வாங்கி நான்காகக் கிழித்தார். கன்றை இறக்கச் சொன்னார். இறக்கும்போது, "வேரு, வேரு, பாத்து" என்று மூன்று தடவை சொன்னார்.

தையலக்கா மண்டியிட்டு மண்ணைத் தள்ளத் தொடங்கினாள். கன்றை நேராகப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். அப்போதுதான் குழியின் விளிம்பில், வெட்டாமல் மிச்சம் இருந்த சிமெண்டில், ஒரு வளைவு அவள் கண்ணில் பட்டது. அவள் போட்ட வட்டத்தின் மிச்சம். ஆனால் வெள்ளையாக இருந்தது. விரலால் தொட்டாள். மெத்தென்று இருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

ஷேவ் செய்து முடித்ததும் கன்னத்தில் தட்டுகிற பவுடர் வாசனை.

அவளுடைய சாக்கட்டி நீலம். ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று சாயங்காலமும் இந்த வாசல் கழுவப்பட்டிருக்கிறது. நீலம் முதல் நாளே போயிருக்கும். குறியே இல்லாமல் போயிருந்தால் மெஷின்காரன் கதவைத் தட்டி எங்கே வெட்டணும் என்று கேட்டிருப்பான், அவளும் தன் வாசலைத்தான் காட்டியிருப்பாள். மூன்று நாளும் யாரோ குனிந்து, பவுடரால் வட்டத்தைத் திரும்ப வரைந்திருக்கிறார்கள்.

நிமிர்ந்து பார்த்தாள். சலூன்காரர் கன்றின் உச்சியையே ரொம்ப அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தார். கழுத்தெல்லாம் வேர்வை.

"அண்ணே" என்றாள் தாழ்ந்த குரலில். பதினோரு வருடத்தில் முதல் அண்ணே.

"சத்தம் போடாதீங்க" என்றார் அவர், உதடு அசையாமல். "வெயில்ல என் பெஞ்சுல ஒரு மனுசன் உக்காரமாட்டேங்கறான். வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன், கோடு வேற இழுத்துட்டேன். அதுக்கப்புறம் வேணும்னு எந்த வாயால கேக்கறது?"

அவள் பதில் சொல்வதற்குள் வாத்தியார் வந்துவிட்டார், கையில் இரும்பு டேப்போடு. கணக்கு வாத்தியார் கண்ணுக்கு எது தப்பும்? குனிந்து விளிம்பைப் பார்த்தார்.

"இதென்ன வெள்ளையா இருக்கு? என் வாசல்ல நீலமாச்சே போட்டிருந்தீங்க?"

பக்கத்தில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். சலூன்காரர் கன்றை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முந்தின நாள் மூன்று வார்த்தையைச் சொல்ல முடியாமல் உள்ளே ஓடியவள் இப்போது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நீலம் தீந்துடுச்சு சார், கடைசிக்கு வெள்ளை போட்டேன். அதுவும் என் தப்புதான்" என்றாள் தையலக்கா. சொல்லிக்கொண்டே ஈர மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அந்த வளைவின் மேல் அழுத்தித் தேய்த்தாள்.

வாத்தியார் மண்ணைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார், "அப்படியா, சரி சரி" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனார். அவர் எதைப் புரிந்துகொண்டாரோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

முதல் வாளித் தண்ணீரைச் சலூன்காரர் கொண்டுவந்தார். இரண்டாவது வாளியை அவள் கொண்டுவந்தாள். ஊற்றி முடித்ததும் அவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் தன் பெஞ்சைத் தூக்கி, கன்றின் நிழல் வருடம் இரண்டு கழித்து எங்கே விழுமோ அங்கே போட்டார். அது இவள் பக்கம் முழுசாக மூன்றடி வந்திருந்தது. தையலக்கா பார்த்தாள். கழுத்தில் டேப் தொங்கியது. அதை அவள் தொடவில்லை.

உள்ளே போய்த் தங்கைக்குப் போன் போட்டாள்.

"மூலையை வேற யாருக்காவது குடுத்துடுடி" என்றாள். "மரம் வந்துடுச்சு."

"உன் வாசல்லயா?"

"எங்க வாசல்ல."